வீட்டுக் கோழிக்கூண்டை தரையிலேர்ந்து எவ்வளவு தூக்கி வைக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூண்டு கட்டலாம்னு முடிவானதும் எல்லாரும் நீளம் அகலம் பாப்பாங்க, எத்தனை கோழி, என்ன மரம், மேல என்ன ஷீட் போடறதுன்னு பேசுவாங்க. கால் எவ்வளவு உயரம்னு கேட்டா மட்டும் "அதுக்கென்ன, நாலு மூலைக்கும் ரெண்டு ரெண்டு செங்கல் வெச்சுடலாம்"னு ஒரே வார்த்தைல முடிஞ்சுடும். நானும் முதல் கூண்டை அப்படித்தான் வெச்சேன், அதுல என்ன ஆச்சுன்னு கீழ எழுதிருக்கேன். அதுக்கப்பறம் கட்டின ஒவ்வொரு கூண்டுலயும் நான் முதல்ல முடிவு பண்றதே கால் உயரத்தைத்தான், ஏன்னா மத்ததெல்லாம் பின்னாடி மாத்திக்கலாம், கோழி குடிவந்த அப்பறம் கூண்டைத் தூக்கி காலை மாத்தறது லேசுப்பட்ட வேலை இல்ல.

சுருக்கமா ஒரு நம்பர் சொல்லுங்க, எவ்வளவு உயரம்?

வெளிய நின்னு கதவைத் திறந்து சுத்தம் பண்ற மாதிரி சின்ன கூண்டுன்னா தரைக்கும் கூண்டோட அடிப்பலகைக்கும் நடுவுல 2 அடி. இடம் இருந்தா, கோழி ஏறிப் போற பலகையும் நீளமா போட முடியும்னா 2.5 அடி. ஆள் உள்ள நுழைஞ்சு நடக்கற பெரிய கூண்டுன்னா தூக்கவே வேணாம், தரையோட தரையா கெட்டியா தளம் போட்டுக் கட்டுங்க. ஒரே எடத்துல நிக்கற கூண்டுக்கு எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாத உயரம் 2 இன்ச்லேர்ந்து 10 இன்ச் வரைக்கும்.

அப்படி எதுக்குத்தான் தூக்கணும், தரையிலயே வெச்சா என்ன?

முதல் காரணம் ஈரம். மண்ணுல நேரா உக்காந்திருக்கற மரப்பலகை கீழேர்ந்து ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், பலகை உளுத்துப் போறது ஒரு பக்கம், உள்ள போட்டிருக்கற மரத்தூளோ உமியோ எப்பவும் நசநசன்னு இருக்கும். ஈரமும் எச்சமும் சேர்ந்தா அமோனியா வாடை கெளம்பும், அது கோழியோட கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். காலைல கதவைத் திறந்ததும் நம்ம மூக்குல சுரீர்னு ஏறுதுன்னா, ராத்திரி பூரா அதுங்க அதைத்தான் சுவாசிச்சிருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு ரத்தக்கழிச்சல், அந்தக் கிருமியோட முட்டை எச்சத்துல வெளிய வந்ததும் உடனே தொத்தாது, ஈரமும் சூடும் கெடைச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல தொத்தற நிலைக்கு வந்துடும், அதனால படுக்கை காய்ஞ்சு கெடக்கறதே பாதி மருந்து மாதிரி.

ரெண்டாவது, தூக்கி வெச்சா கூண்டுக்கு அடில கோழிக்கு நெழல் கெடைக்குது. கோழிக்கு வேர்க்காது, உடம்பு சூடே ஏறக்கொறைய 41 டிகிரி செல்சியஸ் இருக்கும், வெயில் ஏறினா வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தள்ளும். மழை படாத அந்த எடத்து மண்ணு பொடியா காய்ஞ்சு இருக்கறதால அங்கயே குழி பறிச்சு மண்ணுக்குளியலும் போட்டுக்கும், பேன் உண்ணி கட்டுப்பட அதுவும் ஒரு வழி.

மூணாவது நம்ம முதுகு. அது கீழ தனியா இருக்கு.

அரை அடி தூக்கினா காத்து போகுமே, அது போதாதா?

இங்கதான் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

என் முதல் கூண்டு 4 அடிக்கு 4 அடி, செங்கல் மேல வெச்சது, கீழ சரியா 6 இன்ச் சந்து. ஈரம் ஏறாதுல்ல, போதும்னு நெனச்சேன். கொஞ்ச மாசம் ஒண்ணும் தெரியல. அப்பறம் தீனி சீக்கிரம் தீர ஆரம்பிச்சுது, முட்டை கொறஞ்சுது, ஒரு நாள் சாயங்காலம் கணக்கு பாத்தா ஒரு கோழி இல்ல. நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்னு தேடி அலுத்து விட்டாச்சு. நாலாவது நாள் காலைல தீனித் தட்டைத் தட்டினப்ப கூண்டுக்கு அடிலேர்ந்து அடைக்கோழி உறுமற சத்தம் லேசா கேட்டுது. மண்ணுல கன்னத்தை வெச்சுப் படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், நடு மத்தியில, எந்தப் பக்கத்துலேர்ந்து கை விட்டாலும் எட்டாத எடத்துல றெக்கையை விரிச்சு உக்காந்திருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து கூண்டை ஒரு பக்கம் தூக்கினதும்தான் மிச்சமெல்லாம் தெரிஞ்சுது. கோழிக்கு அடில 11 முட்டை, அதுக்கு ஒரு முழம் தள்ளி பிச்சுப் போட்ட சாக்கு நாரும் காய்ஞ்ச புல்லுமா எலிக்கூடு, சுத்தி வெறும் முட்டை ஓடு, அடிப்பலகைல ஒரு மூலைல எலி கரம்பிக் கரம்பி உள்ள போக வழியே போட்டிருக்கு, ஓட்டை ஓரமெல்லாம் புதுசா வெள்ளையா மரம் தெரியுது. கோழியோட ஒரு கால் விரல் கடிபட்டு வீங்கியிருந்துது. முட்டையை விட்டு எழுந்திரிக்காம அது நாலு ராத்திரி அந்த எலிங்களோட அங்க உக்காந்திருந்திருக்கு, அதை நெனச்சா எனக்கு இன்னமும் மனசு கேக்க மாட்டேங்குது.

அரை அடி சந்துல என்ன பிரச்சனைன்னா அங்க கோழி போகும், எலி போகும், பாம்பு போகும், நம்ம கையும் கண்ணும் மட்டும் போகாது. இருட்டா, மழை படாம, மேலேர்ந்து சிந்தற தீனியோட எலிக்கு அதைவிட நல்ல வீடு கெடையாது. அதனால நான் ஒரே ஒரு சோதனைதான் சொல்றேன். கூண்டு பக்கத்துல குத்தவெச்சு உக்காருங்க, அந்தப் பக்கத்து வெளிச்சம் முழுசா தெரியணும், கையில இருக்கற வெளக்குமாறு நடு மத்தி வரைக்கும் போய்க் கூட்டணும். இதுக்கு 1 அடிதான் கடைசி எல்லை, 1.5 அடின்னா பரவால்ல, 2 அடின்னா நிம்மதி.

எலி 2 அடி தாவாதா என்ன?

தாவும். பெரிய எலி நின்ன எடத்துலேர்ந்தே 2 அடிக்கு மேல எகிறும், மரக்கால்ல ஏணி மாதிரி ஏறவும் ஏறும். உயரம் எலியைத் தடுக்குதுன்னு நெனச்சு ஏமாறாதீங்க, உயரம் செய்யறது என்னன்னா அது ஒளியற எடத்தை எடுத்துடுது. வெளிச்சமும் காத்தும் கோழி நடமாட்டமும் இருக்கற எடத்துல எலி கூடு கட்டாது, ஓட்டை போட ஆரம்பிச்சாலும் குனிஞ்சா ரெண்டாவது நாளே நம்ம கண்ணுல படும்.

நெஜமா எலியைத் தடுக்கறது வேற சாமான். காலுக்குக் காலு வழவழப்பான தகரத்தைச் சுத்தி அடிங்க, நகம் பிடிக்காம வழுக்கணும். பெரிய எலி நுழையாம சந்து பொந்தெல்லாம் அரை இன்ச் கட்டம் இருக்கற வெல்டு மெஷ் கம்பிவலை வெச்சு மூடுங்க, ஆறு கோணமா இருக்குமே கோழிவலை, அது கோழியை உள்ள வெக்க மட்டும்தான், நாய் பல்லு வெச்சு இழுத்தாலே பிஞ்சுடும். ராத்திரி தீனித்தட்டை கூண்டுல வெக்காதீங்க, கோழி இருட்டுல திங்காது, வெச்சா அது எலிக்குத்தான். சுண்டெலி 6 மில்லிமீட்டர் சந்துலயே நுழையும், அதனால கதவோட கீழ் விளிம்பை ஒரு தடவை பென்சில் வெச்சுப் பாருங்க, பென்சில் உள்ள போச்சுன்னா சுண்டெலியும் போகும்.

நாய், பூனை, கீரி, பாம்பு இதுக்கெல்லாம் உயரமா வெச்சா பயமில்லையா?

தோண்டி உள்ள வர்றது நின்னுடும், அவ்வளவுதான். பூனையும் கீரியும் ஏறும், நாய் முன்னங்காலைத் தூக்கி வெச்சா 3 அடி எட்டும். கொக்கி ஒழுங்கா இருக்கணும், சும்மா திருப்பற மரக்கட்டைத் தாழ்ப்பாளை நம்பாதீங்க. கூண்டைச் சுத்தி வேலி போட்டு அடியையும் சேர்த்து மேயவிடறீங்கன்னா வேலிக்கு வெளிப்பக்கமா ஒண்ணேகால் ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரைல படுக்கப் போட்டு மண் மூடுங்க, தோண்ட வர்றது வேலி ஓரத்துலதான் தோண்டும், மெஷ்ல நகம் மாட்டினதும் விட்டுடும்.

2 அடின்னா கோழி ஏற பலகை எவ்வளவு நீளம் வேணும்?

உயரத்துக்கு ரெண்டு மடங்கு, இதை மட்டும் ஞாபகம் வெச்சா போதும். 2 அடிக்கு 4 அடிப் பலகை, 3 அடிக்கு 6 அடிப் பலகை. ரெண்டு மடங்குன்னா சாய்வு சரியா 30 டிகிரி வரும், கோழி தலையை ஆட்டிக்கிட்டு நடந்தே ஏறும். ஒன்றரை மடங்குல வெச்சா 42 டிகிரி கிட்ட வந்துடும், எடை கொறஞ்ச கோழி றெக்கை அடிச்சு ஏறிடும், கொழுத்தது கீழயே நின்னு பாத்துக்கிட்டிருக்கும். நெறைய பேர் உயரத்தை முடிவு பண்ணிட்டு அப்பறம்தான் பலகைக்கு எடம் தேடறாங்க, அது தப்பு, முன்னாடி எவ்வளவு எடம் இருக்குன்னு அளந்துட்டு அதுல பாதிதான் உங்க உயரம்னு வெச்சுக்கலாம். எடமே இல்லன்னா நடுவுல ஒரு சின்ன மேடை வெச்சு பலகையை திருப்பி விடுங்க.

பலகை 8 இன்ச்லேர்ந்து 1 அடி அகலம், மேல 4, 5 இன்ச்சுக்கு ஒரு குறுக்குச்சட்டம். சட்டத்தை நெருக்கமா அடிக்கலன்னா மழை நாள்ல தெரியும். ஈரப்பலகைல ஒரு கோழி ஏறறதைப் பக்கத்துல நின்னு பாருங்க, ஒரு காலை முன்னாடி வெச்சு பின்விரலால அழுத்திப் பிடிக்கப் பாக்கும், பிடி கெடைக்காம கால் பின்னாடி இழுத்துக்கும், ரெண்டு றெக்கையும் தானா விரியும், ரெண்டு தடவை இப்படி ஆச்சுன்னா மூணாவது தடவை ஏறவே ஏறாது, இருட்டினதும் கூண்டுக்கு அடில போய் ஒண்டிக்கும். "என் கோழி கூண்டுக்குள்ள போக மாட்டேங்குது"ன்னு சொல்றவங்க முதல்ல பலகையைத்தான் பாக்கணும்.

கனமான இனம் வெச்சிருக்கேன், கறிக்கோழி வகை. அதுக்கு?

1.5 அடிக்கு மேல போகாதீங்க, இல்லன்னா கட்டாயம் சாய்வு கம்மியா பலகை போடுங்க. கனத்த கோழிக்கு ஏறறதைவிட எறங்கறதுதான் ஆபத்து. காலைல கதவு திறந்ததும் பலகை இருக்கும்போதே மேலேர்ந்து தொப்னு குதிக்கும், கீழ கெட்டித்தரையா இருந்தா பாதத்துல சின்னதா காயம் படும், அதுல ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமி ஏறி உள்ளங்கால்ல கருப்பு பொருக்கோட சீழ்க்கட்டி ஆயிடும், அதை ஆத்தறதுக்குள்ள நமக்கும் கோழிக்கும் போதும் போதும்னு ஆயிடும். குதிக்கற எடத்துல வைக்கோலோ மரத்தூளோ மெத்துனு போட்டு வைங்க.

சுத்தம் பண்ண எந்த உயரம் வசதி?

நேரா நில்லுங்க, முழங்கையை மடக்குங்க. முழங்கைக்கு ஒரு சாண் கீழ கூண்டோட தளம் வந்தா சுரண்டறதுக்கு அதுதான் சௌகரியம், பெரும்பாலானவங்களுக்கு அது 2.5லேர்ந்து 3 அடிக்குள்ள வரும். ஒரு கோழி ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு மேலயே எச்சம் போடும், 8 கோழின்னா வாரத்துக்கு 5, 6 கிலோ, அதுல நெறையவே ராத்திரி அதுங்க உக்காந்து தூங்கற கம்புக்கு அடிலதான் விழும். இதை வாராவாரம் முட்டி போட்டு அள்ள முடியாது, முடியாதுன்னா அள்ள மாட்டோம், அள்ளலன்னா கோழிக்குத்தான் கஷ்டம். உங்க முதுகுக்காக உயரத்தைக் கூட்டறதை சுயநலம்னு நெனைக்காதீங்க, சுத்தம் பண்ண சுலபமா இருக்கற கூண்டுதான் சுத்தமா இருக்கும்.

தள்ளுவண்டியோ அகலமான தொட்டியோ கதவுக்கு நேர் கீழ நுழையற அளவு உயரம் வெச்சீங்கன்னா இழுத்து விட்டா போதும், நேரா அதுல விழுந்துடும். அதுல ஒரு விஷயம், கை எட்டறது ரெண்டு ரெண்டேகால் அடிதான், கூண்டோட ஆழம் அதுக்கு மேல போச்சுன்னா பின்பக்கமும் ஒரு கதவு வைங்க.

3, 4 அடின்னு இன்னும் உயரமா வெச்சா இன்னும் நல்லதுதானே?

இல்ல. மொத்தத்தையும் கூட்டிப் பாருங்க. உள்ள கோழி உக்கார்ற கம்பு தளத்துலேர்ந்து ஒன்றரை அடிக்கு மேல இருக்கும், கம்புக்கு மேல தலைக்கு ஒரு ஒன்றேகால் அடி, அதுக்கு மேல காத்து போற சந்து, ஆக உள்ளுக்கே 3 அடி ஆயிடும். கால் 2 அடின்னா கூரை 5 அடில நிக்கும், உள்ள எட்டிப் பாக்கலாம். கால் 4 அடின்னா கூரை 7 அடி, முட்டை எடுக்க ஸ்டூல் வேணும், பலகை 8 அடி வேணும், காத்தடிச்சா ஆடும்.

இதையும் சேர்த்துச் சொல்லிடறேன், முட்டைப்பெட்டி எப்பவும் கம்பைவிடத் தாழ்வாதான் இருக்கணும். கோழி ராத்திரி இருக்கறதுலயே உசரமான எடத்தைத் தேடும், பெட்டி உசரமா இருந்தா பெட்டிக்குள்ளயே தூங்கி அதுலயே எச்சம் போட்டு முட்டையெல்லாம் அழுக்காயிடும்.

அடிப்பலகைக்கு பதிலா சந்து விட்டு ரீப்பர், அதாவது மெல்லிசு மரச்சட்டம் அடிச்சா எச்சம் தானா கீழ விழுந்துடுமே?

விழும், ஆனா அப்ப கீழ கோழி போகக் கூடாது. நெழலும் வேணும், எச்சமும் கீழ விழணும்னா ரெண்டும் ஒண்ணா நடக்காது, தன் எச்சத்துலயே நடந்து அதையே கொத்தித் தின்னா புழுவும் கழிச்சலும் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். ரீப்பர் தளம்னா நாலு பக்கமும் மெஷ் அடிச்சு மூடி, கீழ இழுக்கற தட்டோ ஷீட்டோ வெச்சு, 2 அடிக்குக் கொறையாம உயரம் விட்டு வாரம் ஒரு தடவையாவது வாருங்க. சூடான நாள்ல ஈ முட்டைலேர்ந்து பறக்கற ஈயா மாற 7லேர்ந்து 10 நாள் போதும், அதுக்குள்ள வாரிட்டா ஈ தொல்லை இருக்காது. வெறும் கம்பிவலையைத் தளமா போட வேணாம், பாதம் புண்ணாகும்.

தாய்க்கோழி குஞ்சோட இருக்கு, குஞ்சு ஏறுமா?

முதல் சில வாரம் ஏறாது. குஞ்சு ஏறலன்னா தாயும் ஏறாது, கீழயே றெக்கைக்குள்ள வெச்சுக்கிட்டு உக்காந்துடும், ராத்திரி வெளிய கெடக்கறது ரொம்ப ஆபத்து. அதுங்களுக்குத் தனியா தரைல மூடின பெட்டி வைங்க, குஞ்சு தாயோட கம்புல ஏறி உக்கார ஆரம்பிச்ச அப்பறம் பெரிய கூண்டுக்கு மாத்துங்க.

கால் எப்படி நிக்கணும்? காத்துக்கு சாயாதா?

2 அடி வரைக்கும், கூண்டு அகலம் 4 அடி இருந்தா பெரிய பயம் இல்ல, அதுக்கு மேல போனா இரும்புக் கால்னா மண்ணுல 1.5லேர்ந்து 2 அடி புதைங்க, மரக்கால்னா கான்கிரீட்ல போல்ட் போட்டு இறுக்குங்க. காலுக்குக் காலு எக்ஸ் மாதிரி குறுக்குச்சட்டம் அடிச்சா ஆட்டமே நின்னுடும், ஆனா எல்லாப் பக்கமும் அடிச்சுட்டீங்கன்னா வெளக்குமாறு போகாது, ரெண்டு பக்கம் அடிங்க. 6 அடிக்கு மேல நீளம்னா நடுவுல ரெண்டு கால் சேருங்க. கோழியோட எடை ஒண்ணுமில்ல, 10 கோழி 20 கிலோதான், ஆனா ஒரு நாள் நீங்க உள்ள முட்டி வெச்சு ஏறுவீங்க, அந்த எடையையும் தாங்கணும்.

மரக்காலை மண்ணுல நேரா வெச்சா கரையான் ஏறும், கல்லோ கான்கிரீட் கட்டையோ வெச்சு அதுமேல நிறுத்துங்க. இரும்புக் குழாய்னா மேல வாயை மூடிடுங்க, தண்ணி எறங்கி உள்ளேர்ந்து துரு பிடிக்கும்.

தரை சரிவா இருக்கு, எங்கேர்ந்து அளக்கறது?

மேட்டுப் பக்கத்துலேர்ந்து. சந்து கம்மியா இருக்கற எடம் அதுதான், அங்க 1.5 அடி இருக்கணும், பள்ளத்துப் பக்கம் தானா கூடுதலா வந்துடும். மேட்டுலேர்ந்து வர்ற மழைத்தண்ணி கூண்டுக்கு அடில ஓடாம ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி விடுங்க. தண்ணி தேங்கற எடம்னா இதுவரைக்கும் தண்ணி நின்ன உச்சக் கோட்டைக் கண்டுபிடிச்சு, சுவத்துல கறை இருக்கும், அதுக்கு மேல 1 அடி வெச்சுக்குங்க.

குளிர் எடத்துல கீழேர்ந்து காத்து ஏறி கோழி விறைச்சுடாதா?

கோழி குளிரைத் தாங்கும், ஈரத்தையும் நேரா மேல அடிக்கற காத்தையும்தான் தாங்காது. தளம் சந்து இல்லாம இருக்கட்டும், படுக்கை 5, 6 இன்ச் கனமா போடுங்க, காத்து வர்ற பக்கத்துல மட்டும் குளிர் காலம் முடியற வரைக்கும் கீழ பலகை வெச்சு மறைங்க. அந்தப் பலகையை நிரந்தரமா ஆணி அடிச்சுடாதீங்க, மறைச்ச எடம் திரும்ப எலிக்குப் போயிடும்.

சக்கரம் வெச்சு தினம் நகர்த்தற கூண்டுக்கு?

தாழ்வாவே இருக்கலாம். தினம் எடம் மாறறதுனால அடில எதுவும் குடியேறாது.

நான் ஏற்கனவே அரை அடில கட்டிட்டேன், இப்ப என்ன பண்றது?

ரெண்டு வழி. முடிஞ்சா தூக்குங்க, கோழியை வெளிய விட்டுட்டு படுக்கையெல்லாம் வாரிட்டு, நீளமான கடப்பாரையோ ஜாக்கியோ வெச்சு ஒவ்வொரு மூலையா கட்டை கொடுத்து ஏத்திக்கிட்டே வாங்க, ஒரே மூலையை ஒரே மூச்சுல ஏத்தினா சட்டம் முறுக்கிக்கும், கதவு அப்பறம் சேராது. பலகையை மாத்த மறந்துடாதீங்க, பழைய குட்டிப் பலகை செங்குத்தா நிக்கும்.

தூக்க முடியலன்னா அந்த சந்தை முழுசா அடைச்சுடுங்க, சுத்தி அரை இன்ச் வெல்டு மெஷ் அடிச்சு, கீழ் விளிம்பை மடிச்சு வெளிப்பக்கமா 1 அடிக்கு மண்ணுக்குள்ள விடுங்க. அடைக்கறதுக்கு முன்னாடி மட்டும் தரைல படுத்து டார்ச் அடிச்சு மூலை முடுக்கு எல்லாம் பாத்துடுங்க, கோழி எண்ணிக்கையையும் ஒரு தடவை எண்ணிடுங்க, உள்ள ஒண்ணு அடை உக்காந்திருக்கலாம்.